கப்பலடியில் ஊர் மாறும் இளஞ்சிவப்புக் கொட்டலசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் நன்றாக வற்றும் சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களையும் பெற்றோரையும் பினாங்கின் தெலுக் பஹாங் கரைக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். நண்டையும் நத்தையையும் பார்த்து முடித்த பிறகு, பாறைகளிலும் ஜெட்டித் தூண்களிலும் சிறு எரிமலைகளைப் போல ஒட்டியிருக்கும் ஓடுகளைச் சுற்றியே பேச்சு நீளும். மலாய்க்காரர்கள் இவற்றைத் தெரித்திப் என்கிறார்கள். தமிழில் கொட்டலசு என்ற சொல் உண்டு. அயல் நாட்டுக் கொட்டலசுகள் கப்பலேறி வருகின்றன என்று கேள்விப்பட்டவர்கள் தொடர்ந்து கேட்டுவரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. வெப்பக் கடலில் பிறந்து பல கண்டங்களின் கரைகளுக்குப் பரவிய மெகாபலானஸ் காக்கோபோமா என்னும் பெரிய இளஞ்சிவப்புக் கொட்டலசை மையமாக வைத்தே பெரும்பாலான பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கொட்டலசு ஒரு சிப்பி வகைதானே?

இல்லை. அது இறால், நண்டு ஆகியவற்றின் உறவு. மேலே சுண்ணாம்பு ஓடு இருப்பதால் பழைய இயற்கை அறிஞர்கள் அதைச் சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தார்கள். 1830-ஆம் ஆண்டை ஒட்டி ஜான் வாகன் தாம்சன் என்பவர், நீரில் நீந்தும் அதன் குஞ்சுகள் இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளின் குஞ்சுகளைப் போலவே இருப்பதைக் கண்டு காட்டிய பிறகுதான் அந்தக் கருத்து மாறியது. ஓட்டுக்குள் இருக்கும் உயிர் முதுகை அடித்தளத்தில் பதித்துக்கொண்டு, கால்களை மேல்நோக்கி நீட்டி வாழ்கிறது. இறகு போன்ற அந்தக் கால்களை வலைபோல வீசித் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்கிறது. வற்றிய கரையில் கல்லைப்போல் கிடக்கும் கொட்டலசை ஒரு கண்ணாடிக் குவளையில் கடல்நீர் ஊற்றி வைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், மூடி திறந்து கால்கள் வெளியே வந்து வீசுவதைப் பிள்ளைகளே காணலாம். எங்கள் நடைகளில் எந்த விளக்கத்தையும்விட இந்தக் காட்சிதான் அவர்கள் மனத்தில் நிற்கிறது.

காக்கோபோமா பார்ப்பதற்கு எப்படியிருக்கும்? அதன் சொந்த இடம் எது?

நம் கரைப் பாறைகளில் உள்ளவை பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேல் போவதில்லை. இதுவோ ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். ஓடு ஓரளவு வழவழப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் பெரு வரை நீளும் கிழக்குப் பசிபிக்கின் வெப்பமண்டலக் கரையே அதன் தாயகம். அங்கே கடல் நன்றாக வற்றும்போது மட்டும் வெளிப்படும் தாழ்ந்த பாறைகளிலும், அதற்குக் கீழே எப்போதும் நீருக்குள் இருக்கும் பரப்புகளிலும், நீரோட்டம் வலுவாக இருக்கும் இடங்களை விரும்பி ஒட்டுகிறது.

அறிவியல் உலகுக்கு அதை அறிமுகப்படுத்தியவர் சார்லஸ் டார்வின். 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை அவர் கொட்டலசுகளுக்கே செலவிட்டார். உயிரினத் தோற்றம் பற்றிய அவருடைய பெரும் நூல் அதன் பிறகுதான் வந்தது. 1854-இல் இதை அவர் தனி இனமாகக் கொள்ளாமல், உலகெங்கும் கப்பல்களில் காணப்பட்ட டின்டினாபுலம் என்னும் கொட்டலசின் ஒரு வகையாகவே விவரித்தார். இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றும் எளிதன்று என்பதால் இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கீழே அதற்குத் திரும்புவோம்.

ஒட்டிய இடத்தை விட்டு நகராத உயிர் எப்படிக் கடல் கடக்கிறது?

இந்தக் கேள்விக்குள்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

கொட்டலசின் வாழ்வில் நகரும் பருவம் ஒன்றே ஒன்று, அது குஞ்சுப் பருவம். தாயின் ஓட்டுக்குள் பொரிந்து வெளியேறும் குஞ்சு, நாப்லியஸ் எனப்படும் ஆறு நிலைகளைத் தோலுரித்துத் தோலுரித்துக் கடக்கிறது. அதன் பிறகு சிப்ரிட் என்னும் இறுதிக் குஞ்சாக மாறுகிறது. சிப்ரிட் எதையும் உண்பதில்லை. சேர்த்துவைத்த கொழுப்பு தீர்வதற்குள் ஒட்டுவதற்கு ஓர் இடம் தேடுவது மட்டுமே அதன் வேலை. தலையின் முன்புறத்தில் உள்ள இரண்டு உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து, தொட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் விலகி, வேறு இடம் பார்த்து, இறுதியில் பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த முடிவுக்குப் பிறகு மறு பரிசீலனை கிடையாது. வாழ்வானாலும் சாவானாலும் அந்த இடத்தில்தான்.

குஞ்சுகள் நீரில் மிதக்கும் காலம் வெப்பநிலையைப் பொறுத்துச் சில நாள்களோ சில வாரங்களோதான். ஒரே கரையோரமாக அடுத்த ஊருக்குச் செல்ல அது போதும். பசிபிக்கிலிருந்து அட்லாண்டிக்குக்குச் செல்லப் போதாது. அதற்கு இன்னொரு தடையும் உண்டு. கொட்டலசுகள் பெரும்பாலும் இருபால் உயிர்கள் என்றாலும், பொதுவாகத் தன்னைத்தானே கருவூட்டிக்கொள்வதில்லை. கருவூட்டும் உறுப்பை நீட்டி, அது எட்டும் தூரத்தில் உள்ள அண்டை உயிரோடு இணைகின்றன. உடல் அளவோடு ஒப்பிடும்போது விலங்குலகிலேயே மிக நீளமான அத்தகைய உறுப்பு இவற்றுக்குத்தான் உண்டு. ஆயினும் அண்டையில் எவரும் இல்லாமல் தனியே ஒட்டிய கொட்டலசு சந்ததி இல்லாமல் மடிய நேரிடும். சிப்ரிட் குஞ்சுகள் தம் இனத்தின் வளர்ந்த உயிர்கள் வெளியிடும் புரத வாசனையை நாடிச் சென்று அவற்றின் பக்கத்திலேயே ஒட்டுவது இதனால்தான்.

இப்போது ஒரு கப்பலின் அடிப்பகுதியை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் வாரக்கணக்கில் நிற்கும் கப்பலில் ஒரு குஞ்சு ஒட்டுகிறது. அதன் வாசனையில் நூறு குஞ்சுகள் ஒட்டுகின்றன. பிறகு அந்தக் கூட்டம் முழுவதும், ஒருவரையொருவர் எட்டும் தூரத்தில் இருந்தபடியே, கருவுற்ற முட்டைகளைச் சுமந்துகொண்டு, உணவு வந்து மோதும் ஓடும் நீரில் பயணம் செய்கிறது. போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் நீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் குஞ்சுகளை வெளியே விடுகிறது. இயற்கை தடுத்து வைத்திருந்த இரண்டு தடைகளையும், அதாவது தூரத்தையும் தனிமையையும், நம்முடைய கப்பல் ஒரே பயணத்தில் நீக்கிவிடுகிறது.

கப்பல்கள் எடுத்துச் செல்லும் பாலஸ்ட் தண்ணீரைப் பற்றித்தானே எப்போதும் பேசுகிறார்கள்?

ஆம், அதுவும் ஒரு வழியே. சரக்கில்லாத கப்பல் நிலைதடுமாறாமலிருக்கத் தொட்டிகளில் நிரப்பும் கடல்நீரில் குஞ்சுகளும் ஏறிக்கொள்ளும். அதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் அதில் உறுப்பு நாடு. ஆனால் கொட்டலசைப் பொறுத்தவரை வெளிப்புற அடிப்பகுதியையே நான் முதலில் வைப்பேன். தொட்டிக்குள் சிதறிக் கிடக்கும் குஞ்சுகளைவிட, ஒன்றாக ஒட்டி முட்டையும் சுமந்து வரும் முதிர்ந்த கூட்டத்துக்கே புதிய கரையில் குடியேறும் வாய்ப்பு மிகுதி. கப்பலின் பக்கவாட்டை, உயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் சாயம் ஓரளவு காக்கிறது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீர் நுழையும் பெட்டி போன்ற குழிகள், சுக்கானின் இடுக்குகள், உலர்துறையில் கப்பலைத் தாங்கிய கட்டைகள் மறைத்ததால் சாயம் படாமல் போன திட்டுகள் ஆகியவையே இவற்றுக்கு ஏற்ற மறைவிடங்கள். அடிப்பகுதி ஒட்டுயிர்கள் தொடர்பாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2011-இல் வெளியிட்டு 2023-இல் திருத்தியவை வழிகாட்டுதல்கள் மட்டுமே. பாலஸ்ட் நீருக்கு உள்ளதைப் போன்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை. இது பெரிய குறை என்றே கருதுகிறேன். இதற்கிடையில் நியூசிலாந்து காத்திருக்காமல், நுழையும் கப்பலின் அடிப்பகுதி தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை 2018 முதல் தானே கட்டாயமாக்கியது.

இதுவரை அது எங்கெல்லாம் சென்று சேர்ந்திருக்கிறது?

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ பகுதியில் 1970களில் அது பதிவாயிற்று. 1982-83-இல் வந்த வலுவான எல் நினோ கிழக்குப் பசிபிக் நீரைச் சூடாக்கிய பிறகு, தாயக எல்லையைத் தாண்டித் தெற்குக் கலிபோர்னியாவின் சான் டியாகோ வரை அது ஏறியது. பெல்ஜியக் கரைக்கு அப்பாலுள்ள மிதவைகள், ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிலும் கண்டறியப்பட்டது. 2000களில் மெக்சிகோ வளைகுடாவிலும், பின்னர் புளோரிடா, ஜார்ஜியா, தென் கரோலைனா ஆகிய அமெரிக்கத் தென்கிழக்குக் கரைகளிலும் வேரூன்றி, வடக்கே வட கரோலைனா வரை சென்றது.

அது எங்கே நிற்கும் என்பதை எது முடிவு செய்கிறது?

முதன்மையாகக் குளிர். அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் 2009-10 குளிர்காலம் இதைக் கண்கூடாகக் காட்டியது. வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் நீண்ட நாள்கள் நீடித்ததால், வட கரோலைனாவிலிருந்து புளோரிடாவின் வடபகுதி வரை இந்த இனத்தின் கூட்டங்கள் மடிந்துபோயின. ஓடுகள் ஒட்டியபடியே நின்றன. உள்ளே உயிர் இல்லை. அயல் இனத்தை இயற்கையே துடைத்துவிட்டது என்று யாரேனும் நினைத்திருந்தால் அந்த நினைப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. தெற்கே பிழைத்திருந்த கூட்டங்களின் குஞ்சுகள் அடுத்தடுத்த கோடைகளில் வடக்கு நோக்கி மிதந்து சென்று, இரண்டொரு ஆண்டுகளுக்குள் இழந்த கரையின் பெரும்பகுதியை மீண்டும் பிடித்தன.

இந்த நிகழ்வை நான் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பரவலை வரைபடத்தில் ஒரே திசையில் நகரும் அம்புக்குறியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது கரையில் ஏறி இறங்கும் ஓதத்தைப் போன்றது. குளிர் தள்ளும், வெப்பம் இழுக்கும். கடல் ஆண்டுக்காண்டு சூடேறும் காலத்தில் தள்ளும் கை தளர்ந்துகொண்டே வருகிறது.

அப்படியானால் பினாங்குக் கடல் அதற்கு மிகவும் ஏற்றதாயிற்றே?

நம் நீர் ஆண்டு முழுவதும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பதால் குளிர் என்னும் தடை இங்கே இல்லை என்பது சரிதான். மலாக்கா நீரிணை உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளுள் ஒன்று. பட்டர்வொர்த்தில் கொள்கலன் முனையமும், ஜார்ஜ் டவுனில் சுற்றுலாக் கப்பல்கள் வரும் ஸ்வெட்டன்ஹாம் துறையும் உள்ளன. ஆனால் வெப்பம் மட்டுமே போதுமானதன்று. இது திறந்த கரையையும் ஓடும் நீரையும் விரும்பும் இனம். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கால்வாயின் சேறு கலந்த நீர் அதன் தாயகப் பாறைகளைப் போன்றதன்று. அதோடு, வெற்றுப் பாறையில் குடியேறுவது வேறு, ஏற்கெனவே கொட்டலசுகளும் சிப்பிகளும் நெருங்கி நிற்கும் பாறையில் இடம் பிடிப்பது வேறு.

ஜெட்டித் தூணில் பெரிய இளஞ்சிவப்புக் கொட்டலசு ஒன்றைப் பார்த்தேன். அது காக்கோபோமாதானா?

நிறத்தையும் அளவையும் வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. டார்வின் இதோடு சேர்த்து எண்ணிய மெகாபலானஸ் டின்டினாபுலம் நம் இந்தோ-பசிபிக் பகுதிக்கு உரியது. அதுவும் பெரியது, அதுவும் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறங்களில் வரும். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட அந்த இனத்தின் பெயருக்கு இலத்தீனில் சிறுமணி என்று பொருள். கவிழ்த்த மணியைப் போன்ற அதன் வடிவத்தைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய, ஓட்டின் வாயை மூடும் சிறு தகடுகளை வெளியே எடுத்து ஆராய வேண்டும். அல்லது மரபணுவைப் பார்க்க வேண்டும். அயல் இனத்தைத் தேடும் ஆர்வத்தில் சொந்த இனத்தைச் சுரண்டி எறிந்துவிடும் ஆபத்து உண்மையானது என்பதால், தூணில் ஒட்டியிருப்பதைப் பெயர்த்தெடுக்க வேண்டாம் என்று நடைகளுக்கு வரும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் கரையில் உள்ளவற்றுள் எது சொந்தம், எது வந்தேறி என்று சொல்ல முடியுமா?

சிலவற்றைச் சொல்லலாம். பாறையின் மேற்பகுதியில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒட்டியிருக்கும் கதாமலஸ் மலாயென்சிஸ், பெயருக்கேற்ப இந்த வட்டாரத்துக்கே உரியது. ஆனால் துறைமுகத் தூண்களிலும் கூண்டு மீன் வளர்ப்பின் மிதவைகளிலும் காணப்படும், ஊதா வரிகள் கொண்ட அம்ஃபிபலானஸ் ஆம்ஃபிட்ரைட் என்னும் இனத்தின் கதை சிக்கலானது. உலகின் வெதுவெதுப்பான துறைமுகங்களில் எல்லாம் அது இருக்கிறது. அறிவியலாளர்கள் கணக்கெடுக்கத் தொடங்குவதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாக மரக்கலங்கள் அதைச் சுமந்து திரிந்துவிட்டன. எந்தக் கரையிலிருந்து அது புறப்பட்டது என்ற தடயம் கலைந்துவிட்டது.

நம் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய ரஜூலா போன்ற கப்பல்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு மனிதர்கள் வந்த அதே கடல் வழியில், நீர்மட்டத்துக்குக் கீழேயும் ஒரு குடிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பயணிகள் பட்டியல் எதுவும் இல்லை. எனவே, பழைய பதிவு இருக்கும் இனத்தைப் பற்றி மட்டுமே அது வந்தேறி என்று துணிந்து சொல்லலாம். ஹவாயில் அப்படிச் சொல்ல முடிந்தது: கரிபியன் கடலுக்கு உரிய கதாமலஸ் புரோட்டியஸ் என்னும் சிறு கொட்டலசு 1973-இல் அங்கே நடந்த ஆய்வில் இல்லை, 1990களிலோ ஓவாஹு தீவின் அமைதியான துறைமுகங்களில் எங்கும் அது நிறைந்திருந்தது. இப்போது குவாம் வரையிலும் சென்றிருக்கிறது. 1973-இல் ஒருவர் பொறுமையாக எண்ணி எழுதிவைத்திராவிட்டால், அது என்றென்றும் ஹவாயிலேயே இருந்த இனம் என்று இன்று நம்பிக்கொண்டிருப்போம்.

அயல் கொட்டலசால் என்ன தீங்கு?

முதல் தீங்கு இடத்தைப் பற்றியது. பாறைக்கரையில் உணவைவிட இடமே அரிது. வேகமாக வளரும் பெரிய இனம் சிறியவற்றின் மேலேறி மூடிவிடும். அதன் ஓட்டின் மேலேயே அடுத்த தலைமுறை ஒட்டிக் கொத்தாகத் தடிக்கும். சிப்பி வளர்ப்பவர்களின் கயிறுகளிலும் மீன் கூண்டுகளின் வலைகளிலும் எந்தக் கொட்டலசு ஒட்டினாலும் எடை கூடும், நீரோட்டம் குறையும், வலையைத் தூய்மையாக்கும் கூலி ஏறும்.

இரண்டாவது எரிபொருள். கொட்டலசு ஒட்டிய அடிப்பகுதி நீரைக் கிழிப்பதில்லை, இழுக்கிறது. ஒரு போர்க்கப்பல் வகையை வைத்து 2007-இல் வெளியான கணக்கீடு, சுண்ணாம்பு ஓடுள்ள உயிர்கள் கனமாகப் படிந்தால் அதே வேகத்தில் செல்ல 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் தேவைப்படலாம் என்று காட்டியது.

நன்மை எதுவுமே இல்லையா?

உண்டு. இறந்த பெரிய கொட்டலசுகளின் வெற்று ஓடுகளில் பிளென்னி என்னும் சிறு மீன்கள் குடியிருக்கின்றன. மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் தளங்களில் இது நன்கு அறியப்பட்ட காட்சி. இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு பெரிய கொட்டலசைச் சிலி நாட்டு மக்கள் விரும்பி உண்கிறார்கள்.

வந்துவிட்ட பிறகு ஒழிக்க முடியாதா?

திறந்த கடலில் முடியாது என்றே கொள்ள வேண்டும். மூடிய இடத்தில், மிக விரைவில் கண்டுபிடித்தால் முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் எடுத்துக்காட்டு. அங்கே 1999-இல் கறுப்புக் கோடு மட்டி என்னும் கரிபிய இனம் படகுத் துறைகளில் பெருகியிருப்பது தெரிந்ததும், கடல்நீரை அடைக்கும் கதவுகள் கொண்ட அந்தத் துறைகளைத் தனிமைப்படுத்தி, குளோரினும் செம்பு உப்பும் இட்டு அதை முற்றாக ஒழித்தார்கள். அந்த நீரில் இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்தே மடிந்தன. அதே மட்டி விசாகப்பட்டினத்தில் 1967-இல் கண்டறியப்பட்டு நிலைத்துவிட்டது, சிங்கப்பூரிலும் வேரூன்றியது. கதவில்லாத துறைமுகத்துக்கு டார்வின் நகரத்தின் வழி உதவாது.

நஞ்சுச் சாயம் பூசினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

அந்த வழியை உலகம் ஒருமுறை முயன்று பெரிய விலை கொடுத்தது. டிபிடி எனப்படும் வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயம் கொட்டலசுகளை நன்றாகவே தடுத்தது. ஆனால் அது நீரில் கரைந்து, மிகச் சிறிய அளவிலேயே பெண் கடல்நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளரச் செய்து, பல இடங்களில் அவற்றின் இனப்பெருக்கத்தையே நிறுத்தியது. 2001-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து அதைத் தடை செய்தது. கொட்டலசை இரைகொள்ளும் உயிர்களுள் நத்தைகளும் உண்டு என்பதை எண்ணும்போது, அந்தச் சாயத்தின் கேடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இப்போது செம்பு கலந்த சாயங்களும், உயிர்கள் ஒட்டாமல் வழுக்கிவிடும் சிலிக்கோன் பூச்சுகளும் பயன்பாட்டில் உள்ளன.

சிறு படகு வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

படகைக் கரையேற்றிய பிறகு மட்டுமே சுரண்டுங்கள். நீரில் மிதக்கும்போதே சுரண்டினால், நொறுங்கிய ஓட்டுக்குள் இருந்த முட்டைகளும் குஞ்சுகளும் அதே துறையில் சிதறும். சுரண்டியதை அடியில் விரித்த தார்ப்பாயில் சேர்த்து, கடலுக்குத் திரும்பாதபடி குப்பையில் போட வேண்டும். வேறு மாநிலத்திலிருந்தோ லங்காவி, ஃபுக்கெட் போன்ற இடங்களிலிருந்தோ வாங்கிய பழைய படகு, மிதவை, கயிறு எதுவானாலும், பினாங்கு நீரில் இறக்குவதற்கு முன் நன்றாகக் கழுவி வெயிலில் முழுமையாகக் காயவிடுங்கள். மூடியை இறுக்கிக்கொண்டு கொட்டலசு பல நாள் தாக்குப்பிடிக்கும் என்பதால், மேலே காய்ந்துவிட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

கொட்டலசு காலைக் கிழித்துவிட்டால்?

நல்ல தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் உடனே கழுவி, துண்டு ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பக் கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் இருப்பதால், நீரிழிவு அல்லது ஈரல் நோய் உள்ளவர்கள் வீக்கமோ காய்ச்சலோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எங்கள் நடைகளுக்கு ஜப்பான் செருப்பு அணிந்து வருவோரைப் பாறையில் ஏற நாங்கள் விடுவதில்லை.

புதிதாக ஒன்றைப் பார்த்தால் எப்படிப் பதிவு செய்வது?

பக்கத்தில் ஓர் அளவுகோலையோ இருபது சென் காசையோ வைத்து, மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படம் எடுங்கள். இடம், நாள், கடல் வற்றியிருந்த அளவு, எதன்மேல் ஒட்டியிருந்தது, எத்தனை இருந்தன என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையில் ஒதுங்கிய மிதவையிலோ மூங்கிலிலோ இறந்த கொட்டலசு இருந்தால், வாயை மூடும் தகடுகள் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஓட்டை உலர வைத்து, நாளும் இடமும் எழுதிய தாளோடு ஒரு டப்பாவில் வையுங்கள்; இனத்தை உறுதிப்படுத்த அந்தத் தகடுகள்தான் உதவும். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றலாம். தெலுக் பஹாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையமும் உள்ளது. புதியவற்றை மட்டும் பதிவு செய்யாமல், ஒவ்வொரு ஆண்டும் அதே தூணை, அதே பாறையை, அங்கே வழக்கமாக இருப்பவற்றையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். எங்கள் மாணவர்கள் இதற்காகத் தெலுக் பஹாங்கில் ஒரு பாறையையும் ஜெட்டியின் ஒரு தூணையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.